கடைசி ஆர்டர் மணி

பார் கவுண்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு பக்கம் எழுதித் தரும்படி உங்கள் கேட்டரிங் சார் கேட்டபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. அனுபவம் எழுதுகிறவனுக்குக் காதோரமாவது நரைத்திருக்க வேண்டும். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. "இந்தத் தொழில்ல இனிமே உன்னை யாரும் எடுக்க மாட்டாங்க. அப்ப நீயும் ரிட்டையர் ஆனவன்தானே" என்று சிரித்தார் சார். சிரித்து முடித்துவிட்டு, "இன்னா நடந்துச்சோ அத்த மட்டும் எழுதுப்பா" என்றார்.

எந்த மதுவுக்கு எந்தக் கிளாஸ், ஐஸை எப்போது போடுவது என்பதெல்லாம் உங்கள் பாடத்திலேயே இருக்கும். அதை விட்டுவிடுகிறேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவன் எதைப் பார்க்கலாம், எதைச் சொல்லலாம் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. எனக்கும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

எங்கள் ஊர் முசரவாக்கம். அப்பா அறுப்பு வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போகிறவர். எங்கள் வீட்டில் முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்தேன். இங்கிலீஷ் படித்தால் வெள்ளைக்காரன் உட்கார்ந்த நாற்காலியில் உட்காரலாம் என்று அப்பாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் வெள்ளைக்காரன் குடிக்கிற மாதிரி ஒரு இடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அங்கேயும் நின்றுகொண்டேதான். வீட்டில் "ஹோட்டல்ல வேலை" என்று சொன்னேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

காஞ்சிபுரத்தில், பெங்களூர் ரோட்டுப் பக்கம் இருந்த அந்த ஹோட்டலின் முதலாளி, மகளைப் பார்க்க இங்கிலாந்துக்குப் போனவர். மருமகன் தினமும் சாயந்தரம் தெருமுனையிலிருக்கும் பப்புக்குக் கூட்டிப்போயிருக்கிறார். முதலாளி குடிக்கமாட்டார். ஆனால் அந்த இடம் அவர் மனசில் ஒட்டிக்கொண்டது. திரும்பி வந்ததும் ஹோட்டலின் பழைய பாரை இடித்துவிட்டு அதே மாதிரி ஒன்று கட்டினார். கறுப்பு மரம். தாழ்ந்த கூரை. மேசைக்கு மேசை ஆள் உயரத் தடுப்பு, அதில் மேல்பாதி பனிக்கண்ணாடி. பக்கத்து மேசைக்காரர் நிழலாகத்தான் தெரிவார். கவுண்டருக்கு மேலே, அங்கிருந்தே வாங்கி வந்த ஒரு பித்தளை மணி.

"நீதானப்பா இங்கிலீஷ் இலக்கியம் படிச்சவன். பப்புன்னா இன்னா, அதோட சரித்திரம் இன்னான்னு எழுதிக் குடு. ஃபிரேம் போட்டு மாட்டலாம்" என்றார்.

நான் அதை ஏதோ ஆராய்ச்சிப் பட்டம் மாதிரி எடுத்துக்கொண்டேன். கல்லூரியில் நடத்திய பாடங்களில் பாதிக்குமேல் ஒரு சத்திரத்திலோ பப்பிலோதான் தொடங்கும். ஊர் ஊராகப் போகிறவர்கள் அங்கே கூடுவார்கள், கதை பேசுவார்கள், சண்டை போடுவார்கள். கவிஞர் உட்கார்ந்து குடித்த மூலை நாற்காலியை அவர் செத்தபின்னும் எடுக்காமல் வைத்திருக்கும் பப்புகள் உண்டாம். ஊரில் ஒருவர் சந்தேகமாகச் செத்துப்போனால், ஒரு காலத்தில் விசாரணையையே பப்பில்தான் நடத்தினார்களாம், பெரிய கூடம் வேறு இல்லாததால். எனக்கு ரொம்பப் பிடித்தது வாசல் பலகைச் சங்கதி. சிங்கம், கலப்பை, அன்னம் என்று படம் வரைந்து தொங்கவிட்டார்கள். வருகிறவர்களுக்குப் படிக்கத் தெரியாது. எங்கள் அப்பாவும் கடைகளைப் படத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்வார். அந்த வரியை எழுதிய அன்று எனக்கு அந்த ஊர்மேல் திடீரென்று ஒரு பாசம் வந்தது.

எங்கள் பலகைக்கு அன்னம் போடலாம் என்று நான்தான் சொன்னேன். பட்டுப்புடவைக் கரையில் இருக்கிற அன்னம்தானே, ஊருக்கும் பொருந்தும். ஹாலைப் பார்த்துக்கொண்ட கேப்டன், ஆற்காட்டுப் பக்கத்துக்காரர், அதைப் பார்த்துவிட்டு, "அன்னம் பாலையும் தண்ணியையும் பிரிக்குமாம். நாம ரெண்டையும் கலந்து வித்துக்கினு கீறோம். நல்ல பொருத்தம்பா" என்றார்.

நம் பக்கத்துக்கும் ஒரு பலகை எழுதினேன். நம்முடைய பழைய பாட்டுகளில் மன்னனும் புலவனும் ஒன்றாய் உட்கார்ந்து கள் குடிக்கிறார்கள். இதே காஞ்சிபுரத்துக் கள்ளுக்கடையை வைத்து ஒரு காலத்தில் நாடகமே எழுதியிருக்கிறார்கள் என்று எங்கள் பேராசிரியர் சொல்வார். அந்தப் பலகையைக் கழிப்பறைக்குப் போகிற வழியில் மாட்டினார்கள். யாரும் நின்று படித்து நான் பார்த்ததில்லை.

கடை திறந்த கொஞ்ச நாளிலேயே எனக்கு ஒன்று புரிந்தது. அங்கே பப்புக்குப் போகிறவன் நாலு பேரைப் பார்க்கப் போகிறான். நம் ஊரில் பாருக்கு வருகிறவன் நாலு பேர் கண்ணில் படாமல் இருக்க வருகிறான். முதலாளி அழகுக்காக வைத்த பனிக்கண்ணாடிதான் எங்கள் கடைக்குக் கூட்டத்தைக் கொண்டுவந்தது. கோயில் ஊர் இது. மாமனார் ஒரு தடுப்பிலும் மருமகன் அடுத்த தடுப்பிலும் உட்கார்ந்து, தனித்தனியாகக் குடித்துவிட்டு, தனித்தனியாக வீட்டுக்குப் போவார்கள்.

சேர்ந்த புதிதில் ஒரு தப்பு செய்தேன். ஒரு கல்யாணப் பந்தி. எதிர் வரிசையில் எங்கள் கடைக்கு வாரம் தவறாமல் வருகிற ஒரு வாத்தியார், பக்கத்தில் அவர் மாமியார். தெரிந்த முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில், "சார், ரெண்டு வாரமா காணோமே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டேன். வாத்தியார் கையில் இருந்த அப்பளம் நொறுங்கியது.

"யாருப்பா இந்தப் புள்ள?" என்றார் மாமியார்.

"பழைய ஸ்டூடண்ட், அத்தை."

"வாத்தியாரக் காணோம்னு தேடுதே, தங்கமான புள்ள. யப்பா பரிமாறுற தம்பி, இந்தப் புள்ளைக்கு இன்னொரு ஜாங்கிரி வையி."

ஜாங்கிரி கிடைத்தது. வாத்தியார் அதன்பிறகு எங்கள் கடைக்கு வரவேயில்லை. விஷயத்தைக் கேட்ட கேப்டன் கோபப்படவில்லை. "நம்ப வேலையில கண்ணு தெரியணும், மூஞ்சி தெரியக் கூடாது. ரோட்ல பாத்தா நீ யாரோ, அவரு யாரோ. அவரா சிரிச்சா நீ சிரி. யார் வந்தாங்க, யார் கூட வந்தாங்கன்னு போலீஸைத் தவிர எவன் கேட்டாலும் தெரியாது. பொண்டாட்டி கேட்டாலும் தெரியாது. பொண்டாட்டி கேட்டா இன்னும் தெரியாது." இதை நீங்களும் மனசில் போட்டுக்கொள்ளுங்கள். இன்றைக்கும் நான் இதைச் சரி என்றுதான் சொல்வேன்.

இனி அந்த மணி. அதன் சொந்த ஊரில் கடை மூடப்போகிற நேரத்தில் அடிப்பார்கள். கடைசி ஆர்டர் கொடுக்கிறவர்கள் கொடுக்கலாம் என்று அர்த்தம். எங்கள் கடையில் மதிய நேரத் தள்ளுபடி முடியும்போது கேப்டன் அடிப்பார். ஒரு தட்டு, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு தட்டு. ஒருநாள் அப்படி அடித்தபோது ஒரு வாடிக்கையாளர் மனைவியோடு போனில் மாட்டிக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தார். மணி அடித்ததும் மனுஷனுக்கு முகமே மாறிவிட்டது.

"தோ கேக்குதா? தீபாராதனை காட்டறாங்க. வெச்சுடுமா, கன்னத்துல போட்டுக்கணும்."

கடை முழுக்கச் சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தது. அடுத்த வாரத்துக்குள் அது வழக்கமாகிவிட்டது. போன் வரும். தடுப்புக்கு மேலே ஒரு விரல் உயரும். கவுண்டரில் இருக்கிறவன் இரண்டு தட்டு தட்ட வேண்டும். கேப்டன், "ஆரத்தித் தட்டு ஒண்ணுதான் இல்ல, வெச்சா தட்சணையும் உழும்" என்பார். கோயில் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், எதற்கு இத்தனை தடவை மணி அடிக்கிறீர்கள் என்று கேட்டார். நான் விளக்கினேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டுச் சொன்னார்: "எங்க ஊர்ல இந்த மணியை அடிச்சா எல்லாரும் வீட்டுக்குப் போயாகணும். உங்க ஊர்ல அடிச்சா வீட்டுக்குப் போகவே வேணாமா?"

மணி அடிக்கச் சொல்லாத வாடிக்கையாளர் ஒருவர்தான். ஐயம்பேட்டை பெயிண்ட் மேஸ்திரி. நகக்கண்ணெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பாக வருவார். ஓரத்துத் தடுப்பில் உட்கார்ந்து, யாரோடும் பேசாமல் குடிப்பார். அவருக்கும் போன் வரும்.

"பார்லதான் கீறேன்... ஆமா, குடிச்சிக்கினுதான்... இது முடிஞ்சா வந்துடறேன்."

கேப்டனுக்குப் பொறுக்காது. "அண்ணே, ரெண்டு தட்டு தட்டட்டா? காசா பணமா?"

"வேணாம்பா. குடிக்கிறதே ஒரு தப்பு. அதுக்கு சாமிய வேற ஜாமீனுக்குக் கூப்புடணுமா?"

அவருக்கு ஒரே மகள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதாக ஒருமுறை அவராகவே சொன்னார். எந்த ஊர், யார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். மேஸ்திரி தன் ஓரத்தில் இருந்தார். அன்றைக்கு வெளுத்த சட்டை, நகமெல்லாம் சுத்தம். ஏதோ விசேஷத்துக்குப் புறப்பட்டு வழியில் இறங்கியவர் மாதிரி இருந்தார். அடுத்த தடுப்பில் செவிலிமேட்டுப் புரோக்கர். மனை வாங்கி விற்கிறவர். குரல் கனத்த குரல், கிசுகிசு பேசினாலும் கவுண்டர்வரை கேட்கும். சட்டைப்பையில் எப்போதும் ஒரு குங்குமப் பொட்டலமும் ஏலக்காயும் வைத்திருப்பார். கிளம்பும்போது முதலில் ஏலக்காய் வாய்க்குள் போகும், பிறகு குங்குமம் நெற்றிக்கு ஏறும்.

அவர் போன் அடித்தது. விரல் உயர்ந்தது. நான்தான் கவுண்டரில் இருந்தேன். ஒரு தட்டு, இடைவெளி, இன்னொரு தட்டு.

"அம்மன் கோயில்ல கீறேன்மா. வெள்ளிக்கெழம இல்ல, செம கூட்டம். இன்னாது, பொண்ணு வூட்டுக்காரங்க வந்துட்டாங்களா? சாயந்தரம்னுதானே சொன்னாங்க? சரி, ஒக்கார வெச்சு காப்பி குடு. பொண்ணோட அப்பா வரலயா? பரவால்ல வுடு. பிரசாதம் வாங்கிக்கினு தோ வந்துடறேன்."

அடுத்த தடுப்பின் பனிக்கண்ணாடியில் ஒரு நிழல் எழுந்து நின்றது. பிறகு மேஸ்திரி பாதிக் கிளாஸை வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இப்ப போன்ல பேசினது யாருப்பா?"

"தெரியலண்ணே."

"சரி. நீ சொல்ல மாட்ட. எனக்குக் கொரல் தெரியும்."

அவர் வெளியே போய்விட்டார். என்ன உறவு என்று தெரியாவிட்டாலும், ஏதோ ஒன்றின் நடுவில் நான் மணி அடித்துவிட்டேன் என்று மட்டும் தெரிந்தது. புரோக்கர் அவசரமில்லாமல் முடித்து, ஏலக்காய் மென்று, குங்குமம் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

என்ன நடந்தது என்று மேஸ்திரியின் மகள் சொல்லித்தான் தெரிந்தது. சில நாள் கழித்து, கடை திறக்குமுன் காலையில் வந்தாள். நான் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தேன், கேப்டன் மேசைகளை எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். வாசலில் செக்யூரிட்டி, "இது பாருமா, ரிசப்ஷன் அந்தப் பக்கம்" என்றான். "பார்தான் வேணும்" என்று சொல்லி நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றாள். வேலைக்குப் போகிற வழி போல, வெள்ளைக் கோட்டு கையில் மடித்திருந்தது.

"ஐயம்பேட்டை மேஸ்திரியோட பொண்ணு நான். ஒண்ணே ஒண்ணு கேக்கணும்ணா. வெள்ளிக்கெழம மத்தியானம் செவிலிமேட்டுக்காரர் இங்க இருந்தாரா?"

"யார் வந்தாங்க, போனாங்கன்னு நாங்க சொல்றதில்லமா."

"தெரியும். எங்கப்பாவும் அத்தத்தான் சொன்னாரு. நான் சொல்றத மட்டும் கேளுங்க."

நின்ற இடத்திலேயே சொன்னாள். செவிலிமேட்டு வீட்டில் முதல் தடவை பேசும்போதே, எங்க வீட்டில் யாரும் தொடுறதில்ல, சம்பந்தம் பண்ற வீடும் அப்படித்தான் இருக்கணும் என்று புரோக்கர் கேட்டாராம். நடுவில் நின்ற கல்யாணத் தரகர் "சேச்சே, தொடவே மாட்டாரு" என்று சொல்லிவிட்டார். மேஸ்திரி வாய் திறக்கப் போக, மனைவி அவர் காலை மிதித்திருக்கிறார். அந்த வெள்ளிக்கிழமை நாள் குறிக்கப் போகும்போது, "நீ வராத, நாறும்" என்று அவரை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவரும் உடுத்திக்கொண்ட சட்டையோடு எங்கள் கடைக்கு வந்துவிட்டார்.

"நாங்க அங்க ஒக்காந்துக்கினு இருக்கோம். மாப்பிள்ளையோட அம்மா ஸ்பீக்கர்ல அவருக்குப் போன் போட்டாங்க. கோயில்ல கீறேன்னு அவரு சொன்னாரு, மணிகூட கேட்டுச்சு. கொஞ்ச நேரத்துல எங்கப்பா ஆட்டோல வந்து எறங்கறாரு. சாராய நாத்தம். 'சம்பந்தி கோயில்ல இல்ல, எனக்குப் பக்கத்துல ஒக்காந்து குடிச்சிக்கினு கீறாரு'ன்னு நடுவூட்ல நின்னு சொல்றாரு. பின்னாடியே அவரு வராரு, நெத்தி நெறைய குங்குமம், கையில பூ. யாரை நம்புவாங்க சொல்லுங்க? குடிகாரன் வூட்டுப் பொண்ணு வேணாம்னு அன்னைக்கே முடிச்சுட்டாங்க."

"வருத்தமாதான்மா இருக்குது" என்றேன்.

"அந்த சம்பந்தம் எனக்கு வேணாம்ணா. திருப்பிக் கூப்பிட்டாலும் போக மாட்டேன். எங்கம்மாதான். 'குடிகாரனா இருந்தாலும் ஒரு பொய் சொன்னதில்ல, அது ஒண்ணுக்காகத்தான் இருந்தேன். இப்ப பொண்ணு வாழ்க்கையில பொய் சொல்லிட்டான், இனிமே இன்னா இருக்குது'ன்னு பொறந்த வூட்டுக்குக் கெளம்பிட்டாங்க. நாளைக்கு மாமா வந்து கூட்டிக்கினு போறாரு. அப்பா எதிர்த்து ஒரு வார்த்தை பேசல. 'நான் கேட்டது கேட்டதுதான்'னு மட்டும் சொல்லிக்கினு கீறாரு. எனக்கே தெரியலண்ணா. போதையில அவருக்கு அப்படிக் கேட்டுச்சோ? நிஜமாவே கேட்டாரா? அது மட்டும் தெரிஞ்சா போதும்."

நான் கேப்டனைப் பார்த்தேன். அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. தலையை மட்டும் மெதுவாக ஆட்டினார், வேணாம் என்று.

இந்த இடத்தில் உங்களை நிற்க வைத்துப் பாருங்கள். என் தங்கை நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், என் சம்பளத்தில். வாடிக்கையாளரைக் காட்டிக்கொடுத்தவனுக்கு இந்த ஊரில் எந்தக் கவுண்டரிலும் இடமில்லை. விதியும் நியாயமானதுதான். நூறு பேர் நம்மை நம்பி முகத்தை மறைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவரைச் சொன்னால் நூறு பேரையும் சொன்ன மாதிரிதான். இதையெல்லாம் அந்த நேரத்தில் நிதானமாக யோசித்தேன் என்று சொன்னால் அது கதை விடுவதாகும். மனசில் அங்கங்கே ஓடியது, அவ்வளவுதான்.

அவள் திரும்பி நடக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் ஒன்று உறைத்தது. கண்டதைச் சொல்லாமல் இருப்பது வேறு. என் கையால் செய்ததை மறைப்பது வேறு. அந்த வீட்டில் ஸ்பீக்கரில் கேட்டது நான் அடித்த மணி. அந்தப் பொய்யில் பாதி என் கையில் இருந்து போனது. வாய் மூடிய வேலைக்காரன் என்று நான் எப்படிச் சொல்லிக்கொள்வேன்?

நான் வாயைத் திறக்கவில்லை. கயிற்றைப் பிடித்து இழுத்தேன். ஒரு தட்டு, இடைவெளி, இன்னொரு தட்டு.

அவள் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் கழித்துத் திரும்பி வந்து, இந்தமுறை நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்து, மணியைப் பார்த்தாள். போனை எடுத்து யாரையோ அழைத்தாள்.

"அம்மா, வெச்சுடாத. ஒரு நிமிஷம் கேளு." போனைக் கவுண்டருக்கு நேரே நீட்டினாள். "இன்னொருவாட்டி அடிங்கண்ணா."

முதல் தடவை அடித்ததையாவது கை பட்டது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். இரண்டாவது அப்படி இல்லை. அடித்தேன்.

போனில் அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. அவள், "ஆமா. அதே மணிதான். எங்க இருந்துன்னு அப்புறம் சொல்றேன்" என்றாள். என்னிடம் நன்றி சொல்லவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

கேப்டன் துணியை உதறினார். "நீ வாயத் தொறக்கல. ஆனா ஊருக்கே சொல்லிட்டடா."

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அந்த அம்மா பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. ஆனால் தன் புருஷன் பொய் சொல்லவில்லை என்று நாலு பேரிடம் சொல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை, அதில் குற்றம் சொல்லவும் முடியாது. ஒரு தட்டு, இடைவெளி, இன்னொரு தட்டு என்று ஊர்ப் பெண்களுக்குத் தெரிந்துபோனது. எத்தனை வீட்டில் போன் வந்ததும் "எங்க, அந்த மணிய இன்னொருவாட்டி அடிக்கச் சொல்லு" என்று கேட்டார்களோ தெரியாது. நிஜமாகவே கோயிலில் நின்ற ஆண்கள்கூடப் போனை எடுக்கப் பயந்தார்கள் என்று கேப்டன் சொன்னார். தடுப்புகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. பனிக்கண்ணாடி இருந்து என்ன பயன், நம்பிக்கை போய்விட்டதே.

புரோக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை. இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெண்ணைப் பெற்றவன் குடித்தால் சம்பந்தம் போகும், பையனைப் பெற்றவன் குடித்தால் பந்தியில் சிரிப்பார்கள், அவ்வளவுதான். அவர் மகனுக்கு அடுத்த முகூர்த்தத்திலேயே வேறு இடத்தில் பெரிய மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. மேஸ்திரி மகளைத்தான் ஊர், "அப்பனைக் காப்பாத்த பாருக்குள்ள போன பொண்ணு" என்றது. அதற்குப் பிறகு அவளைப் பார்க்க ஒருவரும் வரவில்லை என்று கேள்வி.

முதலாளி என்னைத் திட்டவில்லை. அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அதிலேயே வேலை போய்விட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"அந்தப் பொண்ணு எடத்துல எம் பொண்ணு இருந்திருந்தா நீ அடிச்சது சரின்னுதான் சொல்லியிருப்பேன். கடைக்காரனா என்னால அப்படிச் சொல்ல முடியலப்பா. நீ எழுதின பலகையெல்லாம் வேணும்னா எடுத்துக்கினு போ."

வேண்டாம் என்றேன். தங்கை ஒரு வருஷம் படிப்பை நிறுத்திவைத்தாள். இப்போது திரும்பப் போகிறாள். நான் ஒரு கூரியர் ஆபீஸில் இருக்கிறேன். பார்சலுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் என்னைக் கேட்பதில்லை.

நீங்களும் என்னை மாதிரி மணியை அடியுங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. நான் சொல்வது ஒன்றுதான். வாடிக்கையாளர் பொய்க்கு நீங்கள் ஒரு விரல்கூடக் கொடுக்காதீர்கள். சிரிப்பாக இருக்கும், எல்லாரும் செய்வார்கள், டிப்ஸும் வரும். கொடுக்காதவனுக்குத்தான் பிறகு வாயை மூடிக்கொண்டிருக்கும் உரிமை உண்டு. கொடுத்துவிட்டால் ஒருநாள் யாராவது நிலைப்படியில் வந்து நிற்பார்கள். அப்போது நீங்கள் எதைச் செய்தாலும் யாருக்கோ வீடு இடியும்.

போன மாதம் ஐயம்பேட்டைக்கு ஒரு பார்சல் கொண்டுபோனேன். புது வீடு, சுற்றுச்சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். ஏணி மேலே மேஸ்திரி. என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார். பக்கத்தில் வரும்போதே வாடை அடித்தது. பகல் பதினோரு மணிகூட ஆகவில்லை. அவரிடமிருந்து ஒரு நல்ல வார்த்தை வரும் என்று நான் எதிர்பார்த்தேன்.

"நீ அடிச்சிருக்கக் கூடாதுப்பா" என்றார்.

"அக்கா பொறந்த வூட்டுக்குப் போகலன்னு கேள்விப்பட்டேனே அண்ணே."

"போகல. வூட்லதான் கீறா. அத்த சொல்லல நான்." சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எம் பொண்ணு அன்னைக்கு ஓடி வந்து என் கையப் புடிச்சிக்கினு அழுதா. எங்கப்பா சொன்னா சொன்னதுதான்னு தெருவெல்லாம் சொன்னா. எனக்கு சந்தோசத்துல கையும் ஓடல காலும் ஓடல. 'நாளைலேர்ந்து குடிக்க மாட்டேன்மா'ன்னு சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"முன்னயும் சொல்லுவேன். ஏதோ ஒளறுதுன்னு தலகாணியத் தூக்கிக்கினு உள்ள போயிடுவா. இந்தவாட்டி நம்பிட்டாப்பா. மறுநாள் சாயந்தரம் வாசல்ல நாற்காலி போட்டு ஒக்காந்துக்கினு கீறா, எனக்காக. நான் நாறிக்கினு போறேன். ஒரு வார்த்தை கேக்கல. நாற்காலிய எடுத்துக்கினு உள்ள போயிட்டா."

பிரஷை வாளியில் முக்கி எடுத்தார். சுண்ணாம்பு கையில் வழிந்தது.

"இப்ப எப்படி கீது அண்ணே?"

"இன்னா இப்ப. தெனமும் நாற்காலி போட்டு ஒக்காந்துக்கினுதான் கீறா."